மூலக்கூறு எண்ணிக்கையிலிருந்து கிராமுக்கு: எந்த வழியில் போவது?

அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் ஒன். பள்ளிக்கூடம் போக சனி, ஞாயிறு நீட் பயிற்சி வகுப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்: "சித்தி, மோல் கணக்க ஸ்கூல்ல ஒரு மாதிரி போடுறாங்க, கோச்சிங்ல வேற மாதிரி, வீடியோவுல பாத்தா அது மூணாவது மாதிரி. நான் எதப் பிடிச்சுக்கிறது?"

நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மோலோடும் மில்லிகிராமோடும்தான் பிழைப்பு. "எல்லாம் ஒண்ணுதான், எதையாவது போடு" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சரியாகப் போட்டால் எல்லா வழியிலும் விடை ஒன்றுதான். ஆனால் தப்பாகப் போடும்போது ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. சில வழிகள் தப்பை மூடி மறைத்து அழகான ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிடும். சில வழிகள் அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். வழியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான். வேகம், சுலபம் எல்லாம் அப்புறம்.

ஒரே கணக்கை எல்லா வழியிலும் போட்டுப் பார்ப்போம். 1.5055 × 10²⁴ கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளின் நிறை எத்தனை கிராம்? கார்பன் 12, ஆக்சிஜன் இரண்டுக்கு 32, ஆக மோலார் நிறை 44 கிராம். அவகாட்ரோ எண் 6.022 × 10²³. அத்தனை மூலக்கூறுகள் சேர்ந்த தொகுப்புதான் ஒரு மோல், அந்தத் தொகுப்பின் நிறைதான் மோலார் நிறை. விடை 110 கிராம். விடையை முதலிலேயே சொல்லிவிட்டேன், வழியை மட்டும் கவனிக்கலாம் என்பதற்காக.

பள்ளியில் சொல்லித் தருவது ஃபார்முலா வழி. மோல்களின் எண்ணிக்கை என்பது மூலக்கூறு எண்ணிக்கையை அவகாட்ரோ எண்ணால் வகுத்தது. நிறை என்பது மோல்களின் எண்ணிக்கையை மோலார் நிறையால் பெருக்கியது. இரண்டே வரி. 1.5055 × 10²⁴ ஐ 6.022 × 10²³ ஆல் வகுத்தால் 2.5 மோல். அதை 44 ஆல் பெருக்கினால் 110. பொதுத்தேர்வில் படிக்குப் படி மதிப்பெண் உண்டு என்பதால், ஃபார்முலாவை எழுதி, மதிப்புகளைப் பிரதியிட்டு, விடையை அலகோடு எழுதுவது பாதுகாப்பான பழக்கம். ஆசிரியர்கள் இதை வற்புறுத்துவதில் தப்பில்லை.

தொல்லை என்னவென்றால், எதை எதால் வகுப்பது என்பது முழுக்க ஞாபகத்தைப் பொறுத்தது. நான் பிளஸ் ஒன் படித்தபோது ஒரு மாதத் தேர்வில் இதைத் தலைகீழாகப் போட்டேன். இன்றைக்கு அதே தப்பை இந்தக் கணக்கில் செய்தால் என்ன வரும்? அவகாட்ரோ எண்ணை 1.5055 × 10²⁴ ஆல் வகுத்தால் 0.4. பெருக்கினால் 17.6 கிராம். எவ்வளவு யோக்கியமான எண், பாருங்கள். 17.6 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்பதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அன்றைக்கும் இப்படி ஒரு எண்ணுக்குத்தான் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன், முழு மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டே. நீட் மாதிரித் தேர்வுகளில் இப்படித் தலைகீழாகப் போட்டால் வரும் விடையும் நான்கு விருப்பங்களில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கேள்வி எடுப்பவருக்கு நாம் எங்கே வழுக்குவோம் என்று நன்றாகத் தெரியும். அங்கே ஒரு தப்புக்கு ஒரு மதிப்பெண் போகும். கிடைத்திருக்க வேண்டிய நாலும் சேர்ந்து போகும்.

பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவது குறுக்குப் பெருக்கல். 6.022 × 10²³ மூலக்கூறு என்றால் 44 கிராம். அப்போது 1.5055 × 10²⁴ மூலக்கூறு என்றால் எத்தனை? ஆறாம் வகுப்பில் மூன்று பேனா முப்பது ரூபாய் என்றால் ஏழு பேனா என்ன விலை என்று போட்டோமே, அதே நேர் விகிதக் கணக்குதான். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பு வரை வேதியியலைப் பார்த்தாலே பயப்படும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பேனாவுக்குப் பதில் மூலக்கூறு, ரூபாய்க்குப் பதில் கிராம். பயம் பாதி போய்விடும்.

ஆனால் இரண்டு வரிகளில் மூலக்கூறுக்குக் கீழே மூலக்கூறு, கிராமுக்குக் கீழே கிராம் என்று எழுதாமல் வெறும் எண்களை மட்டும் எழுதினால், இங்கேயும் அதே 17.6 வந்து நிற்கும். பாதிப் பிள்ளைகள் வெறும் எண்ணைத்தான் எழுதுகிறார்கள். இன்னொன்று, கணக்கில் இரண்டு மூன்று படிகள் வந்தால் ஒவ்வொரு படிக்கும் ஒரு குறுக்குப் பெருக்கல் போட வேண்டும். பக்கம் நிரம்பிவிடும், நடுவில் வந்த விடை எதற்கான விடை என்றே மறந்துபோகும்.

மூன்றாவதுதான் என் கட்சி. யூனிட் ஃபேக்டர் முறை என்பார்கள். நான் சங்கிலி என்றே சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா கிடையாது. கையில் இருப்பதை அலகோடு எழுதி, வேண்டிய அலகு வரும்வரை பெருக்கிக்கொண்டே போக வேண்டும். வேண்டாத அலகு மேலே இருந்தால், அடுத்த கண்ணியில் அது கீழே வரும்படி எழுத வேண்டும்.

1.5055 × 10²⁴ மூலக்கூறு × (1 மோல் ÷ 6.022 × 10²³ மூலக்கூறு) × (44 கிராம் ÷ 1 மோல்)

மூலக்கூறும் மூலக்கூறும் அடிபட்டுப் போகிறது. மோலும் மோலும் அடிபட்டுப் போகிறது. மிச்சம் கிராம். எண்களைப் பார்ப்பதற்கு முன்பே வழி சரி என்று தெரிந்துவிட்டது. இப்போது நடுக் கண்ணியை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். மூலக்கூறு × மூலக்கூறு என்று மேலே இரண்டு நிற்கும், கீழே மோல் × மோல். எதுவும் அடிபடாது. அதையும் கவனிக்காமல் பெருக்கிக்கொண்டே போனால் ஏறத்தாழ 4 × 10⁴⁹ கிராம் வரும். சூரியனின் நிறையே சுமார் 2 × 10³³ கிராம்தான். இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்த பிறகும் அடுத்த கேள்விக்குப் போகிறவர் யாரும் இருக்க மாட்டார். காட்டிக் கொடுப்பது என்று சொன்னேனே, அது இதுதான்.

எழுத நேரம் பிடிக்கும் என்பதுதான் இதன் மேல் உள்ள குறை. நீட்டில் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி, சராசரியாகக் கேள்விக்கு ஒரு நிமிடம். கால்குலேட்டர் கிடையாது, லாக் டேபிளும் கிடையாது. "அங்க போய் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்க முடியுமா சித்தி?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாலாவது வழியைப் பாடத்தில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே ஒரு மூலக்கூறின் நிறையைக் கண்டுபிடித்து, எண்ணிக்கையால் பெருக்குவது. ஒரு அணு நிறை அலகு என்பது 1.6605 × 10⁻²⁴ கிராம். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு ஒன்று 44 அணு நிறை அலகு, அதாவது சுமார் 7.306 × 10⁻²³ கிராம். அதை 1.5055 × 10²⁴ ஆல் பெருக்கினால் அதே 110. இங்கே மோல் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரும்புக்கடையை நினைத்துக்கொண்டால் இந்த நாலும் உண்மையில் இரண்டுதான் என்பது புரியும். ஆணியை யாரும் எண்ணித் தருவதில்லை, நிறுத்துத்தான் தருகிறார்கள். 2,000 ஆணி எத்தனை கிலோ என்று தெரிய இரண்டு வழி உண்டு. ஒரு ஆணி 2 கிராம் என்று வைத்துக்கொண்டு 2,000 ஆல் பெருக்கலாம். இல்லை, 500 ஆணி உள்ள பொட்டலம் ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு, எத்தனை பொட்டலம் என்று பார்க்கலாம். மோல் என்பது அந்தப் பொட்டலம். ஃபார்முலா, குறுக்குப் பெருக்கல், சங்கிலி மூன்றும் பொட்டலக் கணக்கு. நாலாவது மட்டும் ஒற்றை ஆணிக் கணக்கு.

ஒற்றை ஆணிக் கணக்குக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. "ஒரு நீர் மூலக்கூறின் நிறை என்ன?" என்ற கேள்வி வருடம் தவறாமல் எங்காவது வரும். 18 ஐ 6.022 ஆல் வகுக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். 18 × 1.66 = 29.88. அதாவது 2.99 × 10⁻²³ கிராம். வகுத்தல் பெருக்கலாக மாறிவிட்டது. ஏன் இது வேலை செய்கிறது என்றால், 1 ஐ 6.022 ஆல் வகுத்தால் 0.16606. இரண்டு மாறிலிகளும் ஒன்றையொன்று கவிழ்த்துப் போட்டவை. கால்குலேட்டர் இல்லாத தேர்வில் இது சின்ன வரம். ஆனால் பெரிய எண்ணிக்கைக்கு இதைப் போட்டால் 10⁻²³ உம் 10²⁴ உம் சேர்ந்து வரும். அடுக்கின் குறியில் தடுமாறுகிறவர்களுக்கு ஆபத்து.

எங்கள் ஆய்வகத் தராசைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும், தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம் காட்டும். கூண்டுக் கதவைத் திறந்து வைத்தால் மின்விசிறிக் காற்றுக்கே எண் ஆடும். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று நகர வேண்டும் என்றால் 0.0001 கிராம் வேண்டும். அது தண்ணீர் என்றால் எத்தனை மூலக்கூறு? 0.0001 ஐ 2.99 × 10⁻²³ ஆல் வகுத்தால் சுமார் 3.3 × 10¹⁸. நம் கணக்கில் சொன்னால் முப்பத்து மூன்று லட்சம் லட்சம் கோடி. அத்தனை பேர் வந்து ஏறி நின்றால்தான் அந்தத் தராசு 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று ஒத்துக்கொள்ளும். மூலக்கூறுகளை எண்ணும் வேலையை விட்டுவிட்டு வேதியியல்காரர்கள் ஏன் நிறுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சரி, நேரப் பிரச்சினைக்கு வருவோம். எந்த வழியில் போனாலும் அதற்கு முன் ஐந்து வினாடி செலவழித்து ஒரு குத்துமதிப்பு போட வேண்டும் என்பது என் கட்டாயம். இதை வழி என்று சொல்ல மாட்டேன், வாசலில் நிற்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு மோலுக்கு மேலா, கீழா? கொடுத்த எண்ணின் அடுக்கு 24 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு மோலைத் தாண்டிவிட்டது. 22 என்றால் பத்தில் இரண்டு பங்குகூட இருக்காது. 23 என்றால் முன்னால் இருக்கும் எண் ஆறுக்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டும். நம் கணக்கில் அடுக்கு 24. ஒரு மோலுக்கு மேல், ஆகவே 44 கிராமுக்கு மேல். 17.6 அங்கேயே செத்துவிட்டது. நான் பிளஸ் ஒன்னில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த மதிப்பெண் என்னிடம் இருந்திருக்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். 6.022 ஐ 6 என்று வைத்துக்கொண்டால் தப்பு வெறும் 0.4 சதவீதத்துக்குள்தான். 1.2 × 10²² குளுக்கோஸ் மூலக்கூறின் நிறை என்ன? 1.2 ஐ 60 ஆல் வகுத்தால் 0.02 மோல். குளுக்கோஸின் மோலார் நிறை 180. விடை 3.6 கிராம். துல்லியமாகப் போட்டால் 3.587. விருப்பங்கள் 0.36, 3.6, 36, 9 என்று இருக்கும்போது இந்த வித்தியாசத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு நிமிடத் தேர்வுக்கு இதுதான் என் பதில்: ஒற்றைப் படிக் கணக்கு என்றால் தலைக்குள்ளேயே ஆறால் வகுத்து முடித்துவிடு. சங்கிலியை எழுதிக்கொண்டு உட்காராதே.

இந்த 6.022 பற்றி இன்னொரு சந்தேகமும் அவளுக்கு. அக்காவின் பழைய புத்தகத்தில் 6.023 என்று இருக்கிறதாம், எது சரி? 2019 மே 20 முதல் அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ என்று வரையறையாகவே நிர்ணயித்துவிட்டார்கள். அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12 இல் எத்தனை அணு இருக்கிறதோ அத்தனை என்பதுதான் வரையறை. அளக்க அளக்கக் கடைசி இலக்கங்கள் மாறிக்கொண்டிருந்தன. 6.023 அந்தக் காலத்தின் எச்சம். கேள்வியில் 3.0115 × 10²³ என்று வந்தால் கேள்வி எடுத்தவர் 6.023 ஆள், 3.011 × 10²³ என்று வந்தால் 6.022 ஆள். இரண்டுமே அரை மோல் என்று போட்டுவிட்டுப் போ என்றேன். வேடிக்கை என்னவென்றால், 1811 இல் தன் கருதுகோளைச் சொன்ன அவகாட்ரோவுக்கு இந்த எண் தெரியவே தெரியாது. அவர் பெயரை இதற்கு வைத்தவர் ஜீன் பெரன், அதுவும் 1909 இல்.

ஒற்றைப் படிக் கணக்கு என்று சொன்னேன். வழிகளுக்குள் உண்மையான வித்தியாசம் தெரிவது அதைத் தாண்டும்போதுதான். இதைப் பாருங்கள்: 6.022 × 10²³ ஹைட்ரஜன் அணுக்கள் உள்ள அம்மோனியாவின் நிறை என்ன? அம்மோனியாவின் ஒரு மூலக்கூறில் நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் மூன்று. மோலார் நிறை 17.

ஃபார்முலாவை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர் அவகாட்ரோ எண்ணைப் பார்த்ததும் ஒரு மோல், 17 கிராம் என்று எழுதிவிடுவார். கொஞ்சம் உஷாரானவர் மூன்று எங்கோ வர வேண்டும் என்று நினைத்து, மூன்றால் பெருக்கி 51 என்று எழுதுவார். இரண்டுமே தப்பு. அவளும் 51 என்றாள். சங்கிலியை எழுதச் சொன்னேன்.

6.022 × 10²³ ஹைட்ரஜன் அணு × (1 மூலக்கூறு ÷ 3 ஹைட்ரஜன் அணு) × (1 மோல் ÷ 6.022 × 10²³ மூலக்கூறு) × (17 கிராம் ÷ 1 மோல்)

"அணு" என்ற சொல் மேலே இருக்கிறது. அது அடிபட வேண்டும் என்றால் கீழே வந்தாக வேண்டும். அது கீழே வரும்போது மூன்றும் கூடவே கீழே வந்துவிடுகிறது. பெருக்குவதா வகுப்பதா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. 17 ஐ மூன்றால் வகுத்து 5.67 கிராம். ஃபார்முலாவில் "அணு" என்பதற்கு இடமே இல்லை, அதனால்தான் அது ஏமாற்றுகிறது. சலவை சோடாவில் உள்ள 3.011 × 10²³ நீர் மூலக்கூறுகளுக்கு எத்தனை கிராம் சலவை சோடா வேண்டும் என்பதையும் இப்படியே போடலாம். ஒரு அலகுக்குப் பத்து நீர், மோலார் நிறை 286, விடை 14.3 கிராம். இந்த மாதிரிக் கணக்குகளில் மற்ற மூன்று வழிகளையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எந்த வழியும் காப்பாற்றாத இடங்களும் உண்டு. 3.011 × 10²³ ஆக்சிஜன் என்று மொட்டையாகக் கேட்டால், அணுவா மூலக்கூறா என்பதைப் பொறுத்து 8 கிராம் அல்லது 16 கிராம். கந்தக மூலக்கூறு என்றால் எட்டு அணு சேர்ந்தது, 32 போடக் கூடாது, 256 போட வேண்டும். வெள்ளைப் பாஸ்பரஸில் நான்கு அணு. சமையல் உப்பில் மூலக்கூறே கிடையாது, வாய்பாட்டு அலகுதான், ஆனால் கணக்கு 58.5 வைத்து அதேபோலத்தான் போகும். இதெல்லாம் வேதியியல் தெரிந்தால்தான் உண்டு. வழி என்ன செய்யும், பாவம்.

கடைசியாக அவளுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். 2 × 10²¹ பாராசிட்டமால் மூலக்கூறு, எத்தனை கிராம்? மூலக்கூறில் கார்பன் 8, ஹைட்ரஜன் 9, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2. அவள் முதலில் மோலார் நிறையைக் கூட்டினாள்: 96, 9, 14, 32, ஆக 151. அப்புறம் நான் சொல்லாமலே காவலாளியைக் கூப்பிட்டாள்: அடுக்கு 21, ஒரு மோலில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு, அப்போது அரை கிராம் பக்கம் வரும். பிறகு நோட்டில் ஒரு குறுக்குப் பெருக்கல் போட்டாள். சங்கிலி போடவில்லை.

0.5 கிராம். "இது டோலோ... இல்ல, சாதா மாத்திரை சித்தி, ஐந்நூறு மில்லிகிராம்" என்றாள். பையில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தும் உறுதி செய்துகொண்டாள்.

ஒரு படிக் கணக்கு என்றால் இன்னும் குறுக்குப் பெருக்கல்தான் போடுகிறாள். இரண்டு படி வந்தால்தான் சங்கிலி. நான் தடுக்கவில்லை. இரண்டு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் "மூலக்கூறு", "கிராம்" என்று மறக்காமல் எழுதிவிட்டுத்தான் போடுகிறாள்.